மூச்சில் வந்த சத்தம்

பிறந்த சில நாளிலேயே என் பேரன் மூச்சு விடும்போது 'கர்ர்... கர்ர்...' என்று சத்தம் வரும். பால் குடித்தால் அதிகமாகும். தூங்கும்போது தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டே கிடப்பான்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவள் நான். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, மகனோடு ஈப்போ புந்தோங்கிற்கு வந்துவிட்டேன். லயத்தில் எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தவள் என்ற கர்வம் எனக்கு. "நீ ஐஸ் தண்ணீர் குடித்தாய். அந்தச் சளிதான் இது" என்று மருமகளை ஏசினேன். அவள் பதிலே பேசவில்லை. கிளினிக்கிலும் 'இழுப்பு' என்றுதான் மருந்து கொடுத்தார்கள்.

2012-ஆம் ஆண்டு, அவனுக்கு ஏழு மாதம். கஞ்சி ஊட்டும்போது முகம் நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய் மேலே எழுந்து ஒரு பக்கமாக வளைந்து இறங்க வேண்டும். கருவில் இரண்டு வளைவுகள் உண்டாகி, பிறகு ஒன்று மறைந்துவிடும். என் பேரனுக்கு இரண்டுமே தங்கிவிட்டன. அவை மூச்சுக் குழாயையும் உணவுக் குழாயையும் வளையம்போல் சுற்றி நெரித்தன. ஐஸ் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

கோலாலம்பூரில் ஆப்பரேஷன். முதல் நாள் மயக்க மருந்து டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "பாட்டி, கத்தியைவிட மூச்சைத்தான் நான் அதிகம் கவனிக்க வேண்டும். மயக்கத்தில் தசைகள் தளர்ந்தால், நெரிபட்ட குழாய் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் பிள்ளையைத் தானாக மூச்சு விடவைத்தே மெல்லத் தூங்கவைப்பேன். மெல்லிய கேமராவால் பார்த்து, குறுகிய இடத்தைத் தாண்டி டியூப்பை வைப்பேன்" என்றார்.

அன்றிரவு மருமகளின் கையைப் பிடித்து, "என்னை மன்னித்துவிடம்மா" என்றேன். "அழாதீங்க அத்தை. அவன் பிழைக்கட்டும்" என்றாள்.

மறுநாள் இடது விலாவின் வழியாக, இரண்டில் சிறிய வளைவைக் கட்டி அறுத்தார்கள். அறுக்கும் முன் அதை அழுத்திப் பிடித்து, கைகால்களில் நாடி ஓடுகிறதா என்று சோதித்தார்களாம். மாலையில் டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

சத்தம் உடனே நிற்கவில்லை. நெரிபட்ட குழாய் உறுதிப்படச் சில மாதங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இன்று அவன் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடுகிறான்.

போஸ்டன் நகரில் டாக்டர் ராபர்ட் குரோஸ் இந்த வளையத்தை முதன்முதலில் அறுத்தது 1945-இலாம். நான் பிறப்பதற்கும் முன்பு! அதன் பிறகும் எங்கள் லயத்தில் 'இழுப்பு' என்று சொல்லிப் புதைத்த பிள்ளைகள் உண்டு. அவர்களில் யாருக்கு இந்த வளையம் இருந்ததோ, யார் கண்டார்?

தாய்மார்களே, பிறந்ததிலிருந்தே குழந்தையின் மூச்சில் சத்தம் இருந்து, பால் குடிக்கவும் திணறினால், சளி என்று இருந்துவிடாதீர்கள். மருந்துக்குக் கேட்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மாமியார்களே, பெற்றவளை மட்டும் பழிக்காதீர்கள். நான் பழித்தேன், இன்றும் மனம் ஆறவில்லை.