ஸ்பெல்லிங் மிஸ்டேக்கே இல்லாத மொழி!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிற யாருக்கும் பிடிக்காத ஒரு வாக்கியம் உண்டு: 'நீங்கள் தேடியது கிடைக்கவில்லை.' செய்தி இருக்கும், படமும் இருக்கும். பெயரில் ஓர் எழுத்தை மட்டும் பதிவேற்றியவர் ஒரு மாதிரியும், தேடுகிற நாம் வேறு மாதிரியும் எழுதியிருப்போம். அந்த எரிச்சலில்தான், எழுத்தை விட்டுவிட்டு ஒலியை வைத்துத் தேடும் அல்காரிதம்களைப் பற்றி ஒரு நைட் ஷிஃப்டில் படிக்க ஆரம்பித்தேன். அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், ஸ்காட்லாந்து.

அங்கே 'ஸ்காட்ஸ்' என்று ஒரு மொழி இருக்கிறது. கொச்சை ஆங்கிலம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆங்கிலத்தின் உடன்பிறப்பு. புத்தாண்டு நள்ளிரவில் உலகமே பாடும் 'ஆல்ட் லாங் சைன்' என்ற தலைப்பு இந்த மொழிதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று பதிவு செய்தார்கள். ஆனால், எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே ஸ்பெல்லிங் இன்றுவரை அதற்குக் கிடையாது.

ஒலியை வைத்துத் தேடும் முறைகளில் மூத்தது 'சவுண்டெக்ஸ்'. ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் 1918-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். குடும்பப் பெயர்களைத் தேடுவதற்காக வந்த முறை இது. சொல்லின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். உயிரெழுத்துகளை நீக்கிவிடும். மற்ற எழுத்துகளை ஒலிக்குடும்பம் பார்த்து எண்ணாக்கும். 'டி'யும் 'த'வும் ஒரே குடும்பம், எண் 3.

பேப்பர், பேனாவோடு உட்கார்ந்து ஸ்காட்ஸ் சொற்களைப் போட்டுப் பார்த்தேன். இரவுக்கு ஆங்கிலத்தில் 'நைட்', ஸ்காட்ஸில் 'நிஹ்ட்'. இரண்டுக்கும் ஒரே குறியீடு: என்-230. ஆங்கிலத்தில் எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழைய ஒலியை ஸ்காட்ஸ்காரர்கள் இன்றும் உச்சரிக்கிறார்கள், அதனால்தான் இந்தப் பொருத்தம். வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்', 'ஹூஸ்' இரண்டுக்கும்கூட ஒரே குறியீடுதான். அட, பரவாயில்லையே!

அடுத்து 'என்ன' என்ற சொல்லுக்கு வந்தேன். ஆங்கிலத்தில் 'வாட்'. ஸ்காட்லாந்தின் பல பகுதிகளில் 'விட்'. அபர்டீன் இருக்கும் வடகிழக்கில் 'ஃபிட்'. பழைய ஆவணங்களிலோ இதே சொல் 'க்யூ' என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். குறியீடுகள் டபிள்யூ-300, எஃப்-300, க்யூ-300. எண்கள் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் முதல் எழுத்தில் சவுண்டெக்ஸ் கையே வைக்காது என்பதால், ஒரே சொல் மூன்று அந்நியர்களாகிவிடுகிறது.

லெவன்ஸ்டைன் என்ற ரஷ்ய அறிஞர் 1965-ல் சொன்ன முறை இன்னொன்று. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துகளை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்று அது எண்ணும். 'வாட்'டை 'விட்' ஆக்க ஒரே மாற்றம் போதும். 'ஃபிட்' ஆக்க மூன்று. 'ஃபிட்'டில் இருப்பதே மூன்று எழுத்துதான்!

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. வடகிழக்கில் 'ஃபிட்' என்றால் 'என்ன', 'எந்த' மட்டுமல்ல. கால் என்றும் பொருள், பொருந்துவது என்றும் பொருள். 'எந்தக் கால் எந்தக் காலுக்குப் பொருந்தும்?' என்பதை 'ஃபிட் ஃபிட் ஃபிட்ஸ் ஃபிட் ஃபிட்?' என்று கேட்டு அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். பாவம், கணினி என்ன செய்யும்?

அதற்கு அந்த மொழியையே கற்றுக்கொடுக்க வேண்டும். வடகிழக்குச் சொல் என்றால் முதலில் வரும் 'ஃப', 'வ'வாகவும் இருக்கலாம். பழைய ஆவணம் என்றால் 'க்யூ'வும் அப்படியே. இப்படி ஊரும் காலமும் தெரிந்த விதிகள் வேண்டும். அதற்கான பொக்கிஷமும் தயாராக இருக்கிறது. 22 தொகுதிகள் கொண்ட இரண்டு பெரிய அகராதிகளை இணைத்து 2004-ல் இணையத்துக்கு வந்தது ஸ்காட்ஸ் மொழி அகராதி. ஒரு சொல்லைத் திறந்தால், அது எழுதப்பட்ட விதவிதமான ஸ்பெல்லிங்குகள் வரிசையாக நிற்கும். எதன் மீதும் 'தவறு' என்ற முத்திரை கிடையாது.

இது வெறும் டெக்னிக்கல் சமாசாரம் இல்லை என்று எனக்குத் தோன்றியது அங்கேதான். வீட்டில் பேசிய மொழியைப் பள்ளியில் பேசியதற்காகத் திட்டு வாங்கிய தலைமுறைகள் ஸ்காட்லாந்தில் உண்டு. ஆசிரியரின் சிவப்பு மையை இன்று ஸ்பெல்செக்கின் சிவப்புக் கோடு வாங்கிக்கொண்டுவிட்டது. 'நீங்கள் சொல்ல வந்தது இதுவா?' என்று ஆங்கிலச் சொல்லை நீட்டும் தேடல்பெட்டி, பணிவாகக் கேட்பதுபோல இருந்தாலும் 'உன் சொல் தப்பு' என்றுதான் சொல்கிறது.

2025-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஸ்காட்ஸுக்கு அதிகாரபூர்வ அந்தஸ்து தந்திருக்கிறது. அந்த அந்தஸ்து செல்போன் கீபோர்டு வரைக்கும் இறங்கி வர வேண்டும். அபர்டீனில் ஒரு பாட்டி பேத்திக்கு 'நிஹ்ட்' என்று மெசேஜ் தட்டினால், அவருடைய இரவுக்கு அடியில் சிவப்புக் கோடு விழக் கூடாது.