பீப்பாயில் போனது பெயரோடு வந்தது

'ஒயின்' என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களைக் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். சம்பள நாளன்று என் அக்கா கைக்குழந்தையோடு வழியில் நின்று கணவருக்காகக் காத்திருப்பார்.

அந்தக் குழந்தைதான் இன்று ஆஸ்திரேலியாவில் ஓர் உணவகத்தில் சமையல்காரன். "சொந்தமாக ஒரு பீப்பாய் ஒயின் செய்து, நானே வரைந்த படத்தை லேபிளாக ஒட்டி விற்கப் போகிறேன்" என்று அவன் சொன்னதும் அக்கா அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டார். லேபிளில் ஓவியம் வைப்பதற்குப் பேர்போன ஊர் பிரான்சில் இருக்கிறதாம். "மாமா, நீங்களாவது என்னோடு வந்து பாருங்கள்" என்றான். போனேன்.

போர்தோ நகரிலிருந்து ரயிலில் வடக்கே போனால் போயாக் என்ற சிற்றூர் வரும். ஜிரோந்த் கழிமுகத்தின் கரையில் இருக்கிறது. மண்ணைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கும் கூழாங்கல்! ஆனால் அதுதான் அந்த மண்ணின் சிறப்பு. கல்லில் தண்ணீர் தேங்காது. வேர் ஆழத்துக்கு இறங்கும். இடுப்பளவுக் கொடிகள் நிரை நிரையாக நிற்பதைக் கண்டபோது நம் பால்மர நிரைகள்தாம் நினைவுக்கு வந்தன.

அங்கே உள்ள தோட்டங்களில் ஒன்று மூட்டோன் ரோத்ஷில்ட். 1922இல் அதன் பொறுப்பை ஏற்றபோது பிலிப் தெ ரோத்ஷில்டுக்கு வயது 20. அந்நாளில் ஒயினைச் செய்வது தோட்டத்தார். பீப்பாயோடு வாங்கிப்போய்ப் புட்டியில் அடைப்பது போர்தோ வணிகர். நம்மவர்கள் வெட்டிய பால் கப்பலேறிப் போய், யாரோ ஒருவர் பெயரில் டயராகத் திரும்பி வந்ததல்லவா? அதே கதைதான். பிலிப் அதை மாற்றினார். 1924ஆம் ஆண்டு விளைச்சலைத் தோட்டத்திலேயே அடைக்கச் செய்தார். புட்டிகளை வைக்க இடம் போதாமல் 1926இல் 100 மீட்டர் நீளக் கிடங்கு கட்டினார். விளம்பர ஓவியர் ஜான் கார்லு ஆட்டுத் தலையும் ஐந்து அம்புகளும் வைத்து லேபிள் வரைந்தார். 'மூட்டோன்' என்றால் பிரெஞ்சில் ஆடு. அம்புகள் குடும்பச் சின்னம். அந்தப் புதுமை அன்று எடுபடவில்லை.

பிறகு போர் வந்தது. யூதக் குடும்பமாயிற்றே, சொத்தைப் பறித்தார்கள். பிலிப் தப்பி ஓடி, தெ கோலின் படையில் சேர்ந்தார். அவர் மனைவி எலிசபெத் பிடிபட்டு, ராவென்ஸ்புரூக் முகாமில் 1945இல் உயிர்விட்டார். அதே ஆண்டின் விளைச்சலுக்கு, வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்தை இளம் ஓவியர் பிலிப் ஜூலியன் வரைந்து தந்தார். லேபிளில் ஓவியம் வைப்பது அதிலிருந்து வழக்கமாயிற்று. 1958இல் டாலி, 1970இல் ஷகால், 1973இல் பிக்காசோ, 2009இல் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர். லேபிள் ஓவியர்களுக்குக் கூலியைப் பணமாக அல்ல, ஒயினாகவே தருவது வழக்கம்! 1855இல் இரண்டாம் தரம் என்று ஒதுக்கப்பட்ட அந்தத் தோட்டம், 118 ஆண்டுகள் கழித்து 1973இல் முதல் தரமானது.

"இதெல்லாம் கோடீஸ்வரர் கதையப்பா, உனக்கு எதற்கு?" என்று கேட்டேன். மருமகன் விரல்விட்டுக் கணக்குச் சொன்னான். நிலம் வேண்டாம், விவசாயியிடம் திராட்சை வாங்கலாம். ஆலை வேண்டாம், உரிமம் உள்ள ஆலையில் வாடகைக்கு இடம் பிடிக்கலாம். ஒரு பீப்பாய் 225 லிட்டர். முக்கால் லிட்டர்ப் புட்டியில் அடைத்தால் 300 புட்டி. முன்பக்கப் படம் நம் விருப்பம். சாராயத்தின் அளவையும், கருவுற்ற பெண்களுக்கான எச்சரிக்கையையும் ஆஸ்திரேலியச் சட்டப்படி போட்டே ஆகவேண்டும்.

திரும்பும் ரயிலில் தன் நோட்டைத் திறந்து காட்டினான். பால்மரத்தடியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் விளக்கு. வழியைப் பார்த்து நிற்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

"இதைப் போட்டால் விற்குமா?"

"தெரியாது மாமா. ஊற்றுவதற்கு முன்னால் குடிக்கிறவன் இவளை ஒரு தடவை பார்க்கட்டும்."

அந்தத் தாளை வாங்கிவந்து அக்காவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "சேலைக்குக் கரை போடாமல் விட்டிருக்கிறான். அது பச்சைக் கரை" என்றார். அன்றிரவு மகனுக்கு அவரே போன் போட்டார். ஒயினுக்குச் சம்மதம் சொல்லவில்லை. சேலையைப் பற்றித்தான் பேசினார்.

வாசகர்களே, செய்த பொருளின் மேல் தன் பெயரைப் போடுகிறவன் அதனால் வரும் நன்மைக்கும் தீமைக்கும் பொறுப்பேற்கிறான். கூழாங்கல் மண்ணில் நான் கற்றுவந்த பாடம் இதுதான். எங்கள் தோட்டத்துக் கள்ளுக்குடத்தில் யார் பெயரும் இருந்ததில்லை.