அதுக்கு எத்தனை மார்க்?

நான் பி.காம். ஆடிட்டிங்கில் 42 மார்க் வாங்கியதற்கே வீட்டில் பாயசம் வைத்தார்கள். அதனால், ஹூஸ்டனில் இருக்கும் சித்தி மகன் போன் பண்ணி, "அண்ணா, பாஸாயிட்டேன். 250-க்கு 221" என்றதும், ஏதோ கம்ப்யூட்டர் பரீட்சை என்று நினைத்து, "சபாஷ்டா" சொல்லிவிட்டேன்.

கைத்துப்பாக்கி பரீட்சையாம்!

டெக்சாஸில் அதற்கான லைசென்ஸ் வாங்க நாலிலிருந்து ஆறு மணி நேரம் வகுப்பு உண்டு. சட்டம், துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பது, தகராறை அடிதடி இல்லாமல் தீர்ப்பது... எல்லாமே பாடம். அப்புறம் 50 தடவை சுட வேண்டும். 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 175 மார்க் வந்தால் பாஸ். 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதானவர்கள் பலருக்கு அந்த லைசென்ஸே கட்டாயமில்லை. இவன்தான் முறைப்படி போயிருக்கிறான். சித்தி வளர்ப்பு!

"எதுக்குடா இதெல்லாம்?"

"மால்ல எவனாவது சுட ஆரம்பிச்சா, போலீஸ் வர்ற வரைக்கும் வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?"

சிரித்து ஒதுக்கிவிட முடியாத கேள்வி. 2022 ஜூலையில், இண்டியானா மாநிலம் கிரீன்வுட்டில், ஒரு மாலில் மூன்று பேரைக் கொன்றவனை 22 வயது வாலிபர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் வீழ்த்தினார். போலீஸ்காரரும் இல்லை, ராணுவமும் இல்லை. அவரால் எத்தனை பேர் வீடு திரும்பினார்களோ!

ஆனால் 2021 ஜூனில், கொலராடோ மாநிலம் அர்வாடாவில் நடந்தது வேறு. ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றவனை, அங்கே இருந்த ஒருவர் இதேபோல் சுட்டு வீழ்த்தினார். பிறகு, விழுந்தவனின் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அங்கே வந்த இன்னொரு போலீஸ்காரர் கண்ணில் பட்டது, துப்பாக்கியோடு நிற்கிற ஒரு ஆள். அவ்வளவுதான். சுட்டுவிட்டார். காப்பாற்றியவர் செத்துப்போனார்.

பரீட்சையில் வைக்கிற காகித பொம்மை ஓடாது. அதன் பின்னால் குழந்தை நிற்காது. குறி தப்பினால் மார்க்தான் போகும். 'நான் நல்லவன்' என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா நிற்க முடியும்?

தம்பியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வகுப்புல சொன்னாங்கண்ணா. சுட்டு முடிச்சதும் துப்பாக்கிய உறையில வச்சுட்டு, வெறுங்கையத் தூக்கிக் காட்டணும்னு."

"அதுக்கு எத்தனை மார்க்?"

"அதுக்கு மார்க் கிடையாதுண்ணா."

சித்தியிடம் பாஸான விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பாயசம் வைக்கச் சொல்லத்தான் வாய் வரவில்லை.