நான்காவது கூறு

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து என்ற மூன்றையும் எவரும் சொல்லிவிடுவர். நோயாளியின் அருகிருந்து மருந்தை எடுத்துக் கொடுப்பவனையும் அவற்றுக்கு நிகராக வைத்தெண்ணியதே அவர்தம் நுண்மை. காசநோயைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த நான்காமவனைத் தேடியே என் மனம் செல்கிறது. பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நம்மவர்க்கு அவன் யார் என்ற வினாவும் உடன் எழுகிறது.

முன்பெல்லாம் காசநோய் என்றால் சானடோரியம் என்றே பொருள். தாம்பரமும் மதனப்பள்ளியும் அக்காலத்தார் நெஞ்சில் அச்சமூட்டிய பெயர்கள். அந்நிலையை மாற்றியதில் நம் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1956-இல் அங்குத் தொடங்கப்பட்ட ஆய்வு நிலையத்தார், ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினர். மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீடுகளிலேயே இருக்கவிட்டனர். இரு சாரார்க்கும் மருந்து ஒன்றே. சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் உண்டு. வீட்டிலோ இரண்டும் குறைவு. எனினும் ஓராண்டின் முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். 1959-இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகள் மூடத் துணைபுரிந்தது. வீட்டில் மருந்துண்டவர்களின் குடும்பத்தார்க்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை என்பதும் தெளிவாயிற்று. அடுத்து 1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று பெங்களூர் பல்லாரிச் சாலையில் தேசியக் காசநோய் நிறுவனத்தை நேரு திறந்துவைத்தார். நாட்டுக்கேற்ற காசநோய்த் திட்டத்தை வகுத்த பெருமை அதனுடையது.

நோயாளிக்கு இது விடுதலைதான். ஆனால் சானடோரியம் சுமந்திருந்த பாரம் வீட்டின் தோளுக்கு மாறிற்று. வீடென்று ஒன்று இல்லாதவன் என் செய்வான்?

2023 வைகாசி. அலசூரில் எங்கள் தெருவின் ஒண்டுக்குடித்தனம் ஒன்றில், பெயின்ட் வேலை செய்யும் திருப்பத்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் தனியே குடியிருந்தார். மூன்று வாரமாக நில்லாத இருமல். சளியைச் சோதித்துக் காசநோய் என்றனர். மருந்துக்குச் செலவில்லை, ஆறு மாதம் நாள் தவறாமல் உண்ணவேண்டும், அவ்வளவே. செய்தி எப்படியோ வீட்டுக்காரர் செவிக்கு எட்ட, பத்து நாளில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நானும் சுகாதாரப் பணியாளர் ஒருவரும் சென்று, மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் அடங்கிவிடும் என்று எடுத்துரைத்தோம். அரைமனத்தோடு இசைந்தார். அவரை நான் முற்றும் குறைகூற மாட்டேன். கைக்குழந்தை இருந்த வீடு.

இளைஞர் அஞ்சியது நோய்க்கன்று, ஊருக்கு. தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஊருக்கு மட்டும் தெரிய வேணாங்க ஐயா" என்று கைகூப்பினார். நோயாளியின் ஊட்டத்துக்கென அரசு அந்நாளில் மாதம் 500 ரூபாயை வங்கிக் கணக்கில் செலுத்திவந்தது. (2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாயிற்று.) ஆனால் அவருடைய கணக்குப் புத்தகமோ ஊரில் தந்தையார் கையில்! பணம் வந்தால் காரணம் கேட்பாரே. திட்டம் தீட்டுவோர் கண்ணுக்கு இத்தகைய சிக்கல்கள் எளிதில் புலப்படுவதில்லை. இங்கேயே புதுக் கணக்குத் தொடங்குவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அவ்விரண்டு மாதமும் அவரைத் தாங்கியவர் இரண்டு வாசல் தள்ளி இட்லிக்கடை வைத்திருந்த பெரியம்மா. விண்ணப்பமும் இல்லை, கணக்கு எண்ணும் இல்லை. "மாத்திரை போட்டுக்கிட்டியா தம்பி?" என்பார், ஆம் என்ற பின்னரே தட்டு நீளும். அவர் செய்தது வெறும் இரக்கமன்று. அவ்வாண்டு ஆகஸ்டில் மங்களூர் மருத்துவர் அனுராக் பார்கவா முதலியோர் ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. நோயாளியின் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாக நின்றதை அறிவியலார் எண்ணிக்கையில் கண்டனர்.

மூன்று மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியது. இனி மாத்திரை எதற்கு என்று தோன்றும் ஆபத்தான கட்டம் அதுவே. இடையில் நிறுத்தினால் நோய் மீள்வதோடு, மருந்துக்கு அடங்காத வடிவமும் கொள்ளக்கூடும். சரியாக அவ்வேளையில், ஆவணியில் தங்கையின் திருமணம். பத்து நாள் ஊரில், உறவினர் நிறைந்த வீட்டில் அவர் தங்கவேண்டும். பெரியம்மா மாத்திரை அட்டைகளைத் தாளில் சுற்றி, இட்லிப்பொடி டப்பாவின் அடியில் வைத்து அனுப்பினார். நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு செல்லும். "இட்லி சாப்பிட்டியா தம்பி?" என்பது கேள்வி. கல்யாண வீட்டில் எவர் காதில் விழுந்தாலும் குற்றமில்லாத கேள்வி. "ஆச்சு பெரியம்மா" என்று மறுமுனையில் விடை வந்ததும் கடையைப் பார்க்கப் போய்விடுவார்.

கார்த்திகையில் மருந்து முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்றனர். அவர் ஊருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.