ஊசிமுனை வட்டம்

ஈரோட்டில் பாலிடெக்னிக் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பன் போன மாதம் ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே குண்டூசித் தடிமனில் டிரில் பிட்டுகள், இருபதுக்கு மேல் இருக்கும், எல்லாமே உடைந்தவை. மாணவர்கள் சர்க்யூட் போர்டில் 0.8 மி.மீ. துளை போட வாங்கியவை. "மெஷின் புதுசுடா. அரைக் குதிரைசக்தி மோட்டார். ஆனாலும் போடப் போட உடையுது. சின்னத் துளைக்குன்னு சின்னதா ஒண்ணு வாங்கணும், எதைப் பார்த்து வாங்கறதுன்னு தெரியல" என்றான்.

கோவை கணபதியில் அவனுடைய மாமா பட்டறை வைத்திருக்கிறார். கேஸ் அடுப்பு பர்னருக்குப் பித்தளை ஜெட் செய்து கொடுப்பதுதான் தொழில். அவரிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய் இறங்கினோம்.

அகலமில்லாத தகரக் கொட்டகை. மூன்று லேத், ஒரு கிரைண்டர், ஓரத்தில் இரண்டு பென்ச் டிரில்லிங் மெஷின். பித்தளைக் கம்பி லேத்தில் அறுபட்டு, மரை போட்டு, பின்பக்கம் பெரிய துளையும் போட்டு வருகிறது. அந்த வேலைகளை நான் அதிகம் கவனிக்கவில்லை. என் கண் போனது ஓரத்து மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம். அறுபதை நெருங்கிய வயது, காதில் சின்னத் தோடு, சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை.

ஜெட்டின் நுனியில் 0.7 மி.மீ. துளை போடுவது அவர் வேலை. அடுப்பு எரிவதும் எரியாததும் அந்தத் துளையில்தான் இருக்கிறது. ரெகுலேட்டரைத் தாண்டி வரும் கேஸுக்கு அழுத்தம் மிகக் குறைவு, சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம்தான். துளை 0.7க்குப் பதில் 0.75 ஆகிவிட்டால் அதன் பரப்பு கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடிவிடும். அந்த அளவுக்குக் கேஸ் கூடுதலாகப் போகும், சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி பிடிக்கும்.

நண்பனின் தீப்பெட்டியை வாங்கிப் பார்த்த மாமா முதலில் கேட்டது, "சக் என்ன சைஸு மாப்ளே?" 13 மி.மீ. என்றான். "அதான் பாருங்க. அவ்வளவு பெரிய சக்கு இத்தனூண்டு பிட்டை எங்கீங்க நேராப் புடிக்கும்? பலதுல தாடை முழுசா மூடவே மூடாது. சின்னத் துளைக்கு மோட்டாரைப் பார்க்கக் கூடாதுங்க. ஆட்டத்தைப் பார்க்கணும்."

பிட் தன் அச்சை விட்டு விலகிச் சுற்றுவதைத்தான் பட்டறையில் ஆட்டம் என்கிறார்கள். பத்து மி.மீ. பிட்டுக்கு 0.08 ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. 0.8 பிட்டுக்கு அது பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் பிட் வளைந்து நிமிர வேண்டும். அதிலும் நண்பன் வாங்கியது கார்பைடு பிட். போர்டில் கண்ணாடி இழை இருப்பதால் சாதாரண எச்.எஸ்.எஸ். பிட் சீக்கிரம் மழுங்கிவிடும், கார்பைடுதான் நிற்கும். ஆனால் கார்பைடு வளையாது, ஒடியும்.

வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நம் கண்ணுக்குப் பெரிய வேகம். அந்த வேகத்தில் பத்து மி.மீ. பிட்டின் விளிம்பு நிமிடத்தில் 94 மீட்டர் ஓடுகிறது. 0.7 பிட்டின் விளிம்போ ஆறரை மீட்டர்தான். அது நத்தையாக அறுத்துக்கொண்டிருக்க, கை பெரிய பிட்டை அழுத்திய பழக்கத்தில் அழுத்துகிறது. உடையாமல் என்ன செய்யும்? மாமா அந்த அம்மாவின் மெஷினில் புல்லியை மாற்றி வேகத்தை 8,000க்கு ஏற்றி வைத்திருக்கிறார். பேரிங் பற்றியும் நிறையச் சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை.

ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளந்து காட்டுகிறேன் என்று மாமா எழுந்தபோது அம்மா, "அதெல்லாம் கடைக்காரன் வெக்க விடுவானா?" என்று சொல்லி மெஷினை நிறுத்தினார். சட்டைக் காலரில் குத்தியிருந்த தையல் ஊசியை எடுத்துச் சக்கில் மாட்டினார். ஒரு காகிதத் துண்டைக் கீழே வைத்து, ஊசிமுனை மெல்லத் தொடும்படி இறக்கி, புல்லியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஒரே ஒரு புள்ளி. "புள்ளி வுழுந்தா வாங்கு கண்ணு. வட்டம் வுழுந்தா வுட்டுட்டு வந்துரு." பிறகு சக்கைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலை முழுக்கக் கீழே இறக்கி, இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினார். அங்கே அசைவு தெரிந்தால் அந்த மெஷினும் வேண்டாமாம். கைப்பிடி சொன்னபடி கேட்க வேண்டும், திரும்ப மேலே இழுக்கும் ஸ்பிரிங் கனமாக இருந்தால் விரலுக்கு எதுவும் தெரியாது என்றார்.

அவர் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். தொண்ணூறுகளில் கோவையில் மில்கள் ஒவ்வொன்றாக மூடியபோது அவர் வேலையும் போனது. இவர் ஜெட்டுக்குப் பிசிறு எடுக்க இந்தப் பட்டறைக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்து டிரில்லில் இருந்த பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. ஆர்டர் நின்றது. "நான் போட்டுப் பார்க்கட்டுங்களான்னு கேட்டேன். மொத நாள் பதினோரு பிட்டு ஒடைச்சேன். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல." அதிலிருந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இதே ஸ்டூல். இப்போது கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது. "கண்ணு எதுக்குங்க, காது இருக்குது, வெரல் இருக்குது" என்றார். முனை மழுங்கிய பிட்டையும் அவர் எறிவதில்லை. கடிகாரக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸை மாட்டிக்கொண்டு எண்ணெய்க்கல்லில் தீட்டிவிடுகிறார். மாத்திரை டப்பாவில் அவற்றை நீளவாரியாக அடுக்கியிருக்கிறார்.

என்னையும் உட்காரவைத்தார். முதல் பீஸிலேயே பிட் ஒடிந்து பித்தளைக்குள் நின்றுவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேறு பிட் மாட்டி, கைப்பிடி மேலிருந்த என் விரல்கள் மேல் தன் விரல்களை வைத்தார். தொட்டு, எடுத்தார். தூள் வெளியே வந்தது. மறுபடி தொட்டு, எடுத்தார். மூன்றாவது தொடலில் விரலைத் தளர்த்தினார். "இப்பத்தான் ஏமாத்தும். பித்தளை வெளிய வர்றப்ப பிட்டை உள்ள இழுக்கும். நீ அமுக்காத, புடிச்சு நிறுத்து." அந்த இழுப்பு என் விரலுக்குத் தெரிந்தது, தூண்டிலில் சின்ன மீன் கடித்தது போல. பெல்ட் சத்தம் ஒரு இழை தாழ்ந்து நிமிர்ந்தது. ஜெட்டைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். பித்தளைக்கு நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு.

ஒரு பீஸுக்கு அவர் கூலி 35 பைசா. கேட்டதும் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலை குனிந்து பில் புத்தகத்தை எடுத்துப் போட்டார். ஆர்டர் அடுப்புக் கம்பெனியிலிருந்து நேராக வருவதில்லை. நடுவில் ஒரு ஏஜெண்ட். அவர் ஒரு பீஸையும் தொடுவதில்லை, ஒரு பிட்டும் வாங்குவதில்லை. விலையை மட்டும் அவர் சொல்கிறார். பணம் மூன்று மாதம் கழித்து, அதிலும் ரிஜெக்ட் என்று ஒரு கழிவு. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது மாமா பீஸுக்கு ஐந்து பைசா கூட்டிக் கேட்டிருக்கிறார். பக்கத்துப் பட்டறைக்குக் கொடுத்துவிடுவேன் என்று பதில் வந்ததாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், வாங்கியவர் பணம் கொடுக்க 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023இல் வருமான வரிச் சட்டத்திலும் திருத்தம் வந்தது: குறு, சிறு தொழிலுக்குக் கெடு தாண்டிக் கொடுக்கும் தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம். இத்தனையும் காகிதத்தில் இருக்க, கணபதியில் ஒருவர் புகார் எழுதப் பேனாவை எடுத்தால் அடுத்த வாரம் அவர் லேத் நின்றுவிடும். எழுத்தில் ஆர்டரே தராத மனிதர் மேல் எதைக் காட்டிப் புகார் கொடுப்பது? மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் சரக்கைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, பணத்தைத் தொண்ணூறு நாள் இழுப்பது உறுத்தவில்லை. அந்த ஐந்து பைசாவை மறுத்தவர்கள் மறுத்தது ஒரு மனுஷியின் விரலில் இருபத்தைந்து வருடம் சேர்ந்த அறிவுக்கான கூலியை. எனக்கு இதை அமைதியாக எழுத வரவில்லை.

மத்தியானம் காந்திபுரம் பக்கம் மெஷின் கடைகளில் ஏறி இறங்கினோம். நண்பனின் சட்டைப் பையில் அம்மா கொடுத்த ஊசி. முதல் கடையில் வட்டம். இரண்டாவதில் அதைவிடப் பெரிய வட்டம். கடைக்காரர் மோட்டார் பலத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாவது கடையில் ஒரு மூலையில் தூசு படிந்து, முழங்கை உயரத்தில் ஒரு மெஷின். தாடை பூஜ்யத்துக்கு மூடும் சின்ன சக், விரல் கனத்துக்கே இறங்கும் கைப்பிடி. ஸ்பிண்டிலை அசைத்துப் பார்த்தோம், ஊசியை மாட்டிச் சுற்றினோம். கண்ணுக்குத் தெரிந்தது புள்ளிதான். நண்பன் அந்தக் காகிதத்தை மடித்து ஊசியோடு வைத்துக்கொண்டான்.

பஸ் ஏறுமுன் பட்டறைக்குப் போன் போட்டோம். மாமா போனை அம்மாவிடம் கொடுத்தார். "புள்ளி வுழுந்துதாம்மா" என்று நண்பன் கத்தினான்.

"செரி கண்ணு, ஒரு நிமிசம் இரு. இந்தப் பீஸை முடிச்சுக்கறேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பெல்ட் ஓடும் சத்தம். ஒரு தொடல், ஒரு இடைவெளி. இன்னொரு தொடல். மூன்றாவதில் சத்தம் ஒரு இழை தாழ்ந்து நிமிர்ந்தது.

"சொல்லு கண்ணு" என்றார்.