பத்து டிபி, மூன்றாம் இலக்கம்

மட்டக்களப்பில் நான் நடத்திய சிவில் வழக்குகளில் பெரும்பாலானவை காணி, உறுதி, எல்லை பற்றியவை. பற்சில்லுக்காக நடந்த வழக்கு ஒன்றே ஒன்றுதான். ஒரு தொழிலாளியின் பொறுப்பு எதுவரை என்ற கேள்வியை அந்த அளவுக்கு ஆழமாக வேறெந்த வழக்கும் என்னை யோசிக்க வைக்கவில்லை.

வழக்காளி படுவான்கரையில் நெல் ஆலை வைத்திருந்தவர். ஆலையின் இயந்திரம் அவருடைய தகப்பனார் வாங்கிய பழைய பிரித்தானியத் தயாரிப்பு. அதன் நாற்பது பல் சில்லு தேய்ந்துபோனது. கொழும்புப் பஞ்சிகாவத்தைவரை போய்த் தேடியும் மாற்றுச் சில்லு அகப்படவில்லை. தேய்ந்ததையே மாதிரியாக எடுத்துக்கொண்டு வாவியைக் கடந்து எழுவான்கரையில் ஒரு லேத் பட்டறைக்கு வந்தார். பட்டறைக்காரர்தான் என் கட்சிக்காரர்.

புதுச் சில்லு பூட்டியதிலிருந்தே அலறியது. சில நாளில் அதனோடு சேர்ந்தோடும் சின்னச் சில்லின் பற்கள் முறிந்தன. பெரும்போக வெட்டு முடிந்து நெல் வந்து குவியும் நேரத்தில் ஆலை நின்றது. நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு விழுந்தது.

சட்டம் எங்களுக்குச் சாதகமாக இல்லை. நம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டம், தொழில் தெரியும் என்று வேலையை ஏற்றவரிடம் அந்தத் தொழிலுக்குரிய திறமையை எதிர்பார்க்கிறது. திறமைக் குறைவையும் கவலையீனமாகவே கொள்கிறது.

என் கட்சிக்காரர் சொன்னது இதுதான்: "சேர், அது அங்குலச் சில்லு. என்னட்ட இருந்தது மெட்ரிக் கட்டர். சரியான கட்டர் கொழும்பில இருந்து எடுக்கணும் எண்டு சொன்னன். 'நெல்லு குவிஞ்சு கிடக்கு, இருக்கிறத வெச்சு இப்பைக்கு வெட்டித் தா' எண்டார்."

வழக்காளி இதை மறுத்தார். இருவருக்கும் இடையே எழுத்தில் எதுவும் இல்லை.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்கீழ் நிபுணராக அழைத்தேன். சாட்சிக் கூண்டில் நின்றபடி பழைய சில்லை வேர்னியரால் அளந்தார். வெளிவிட்டம் 4.2 அங்குலம். "பல் நாற்பது, அதோட ரெண்டைக் கூட்டினால் 42. அதை 4.2ஆல் வகுத்தால் 10. இது பத்து டிபி சில்லு" என்றார். பழைய பிரித்தானிய இயந்திரங்களில் பற்களை அங்குலக் கணக்கான டிபியில் வெட்டுவார்கள். மெட்ரிக்கில் அதற்கு மொடியூல் என்ற கணக்கு. பத்து டிபி 2.54 மொடியூலுக்குச் சமம். அதற்குக் கிட்டிய மெட்ரிக் கட்டர் 2.5. பல்லுக்குப் பல் வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அந்தக் கட்டரால் வெட்டிய புதுச் சில்லின் வெளிவிட்டம் 105 மில்லிமீட்டர். பழையதன் விட்டமோ 106.68. பல்லின் சாய்வும் பொருந்தவில்லை: பழையது 14.5 பாகை, புதியது 20.

சின்னச் சில்லின் பற்கள் ஏன் முறிந்தன என்பது இப்படி விளங்கியது. ஆனால் பிழையான கட்டரால் வெட்டியவர் என் கட்சிக்காரர் என்பதும் அதே சாட்சியத்தால் உறுதியாயிற்று.

எங்களைத் தாங்கியது அவருடைய வேலைக் கொப்பியில் கிடந்த ஒரு கார்பன் பிரதி. கொழும்புக் கடையொன்றுக்கு அவர் அனுப்பிய ஓடர் அது: "10 டிபி, 14.5 பாகை, 3ஆம் இலக்கக் கட்டர் ஒன்று." பதிவுத் தபால் பற்றுச்சீட்டும் கூடவே இருந்தது. திகதி, சில்லு வெட்டுவதற்கு முந்தியது.

அது இந்தச் சில்லுக்கான ஓடர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். நிபுணர் நிதானமாகப் பதில் சொன்னார்: ஒவ்வொரு டிபிக்கும் எட்டு இலக்கக் கட்டர்கள் உண்டு, 3ஆம் இலக்கம் 35 முதல் 54 பல்வரை உள்ள சில்லுகளுக்கு. நாற்பது பல் அதற்குள்தான் வரும். வேலையை ஏற்ற வேளையிலேயே என் கட்சிக்காரர் நோயைச் சரியாகக் கண்டறிந்திருக்கிறார் என்பதை அந்த ஒற்றை இலக்கம் காட்டியது. குறுக்கு விசாரணையில், "கொழும்பில இருந்து ஏதோ வரணும் எண்டு சொன்னவர்தான்" என்று வழக்காளியும் ஒப்புக்கொண்டார்.

நீதிபதி இணக்கத்துக்கு வழி காட்டினார். நட்டஈட்டுக் கோரிக்கையை வழக்காளி கைவிடுவது, இரண்டு சில்லுகளையும் என் கட்சிக்காரர் கூலியின்றி வெட்டிக் கொடுப்பது, உருக்குச் செலவை ஆலைக்காரர் ஏற்பது என்று பதிவாயிற்று.

கொழும்பிலும் கட்டர் கையிருப்பில் இல்லை. என் கட்சிக்காரர் அதைத் தானே செய்தார். சின்னச் சில்லு அகலம் குறைந்தது என்பதால் பெரிய சில்லின் விளிம்பில் தேயாத ஒரு கீற்று மிஞ்சியிருந்தது. அதன் வடிவத்தைத் தகரத்தில் வெட்டி அச்செடுத்தார். ஹைஸ்பீட் உருக்குத் துண்டொன்றைச் சாணைக்கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டி, ஒவ்வொரு முறையும் அச்சோடு சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இடையில் ஒளி கசியாமல் போகும்வரை அவர் விடவில்லை. அந்த ஒற்றைப் பல் கட்டரால் நாற்பது பள்ளங்களையும் ஒவ்வொன்றாக வெட்டினார். சின்னச் சில்லுக்குப் பல் எண்ணிக்கை வேறு, ஆகவே பள்ளத்தின் வடிவமும் வேறு. அதற்கென்று தனியாக இன்னொன்றைத் தீட்டினார். ஆலை ஓடியது.

இப்போது என்னிடம் வரும் பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பழைய உறுப்பை வாங்கும்போதே அது அங்குலமா மெட்ரிக்கா, எந்தக் கட்டர் வேண்டும், கையில் எது இருக்கிறது, செய்வது தற்காலிகமா நிரந்தரமா என்பதைக் கொப்பியில் எழுதி, கொடுத்தவரின் கையொப்பத்தை வாங்குங்கள்.

சரியான கட்டரைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. அதற்குரிய காலத்தைக் கொடுக்க மறுப்பவர் விளைவிலும் பங்கேற்க வேண்டும். தன் கருவியால் எது முடியாது என்று மறைக்காமல் சொன்ன தொழிலாளியைச் சட்டம் காப்பாற்றும். சொன்னதற்கு எழுத்து இருந்தால்.