கோல்கோண்ட் கட்டிய கைகள்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் காற்று வாங்குவார்கள். மணக்குள விநாயகரைத் தரிசிப்பார்கள். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துச் சமாதியின் அருகே சற்று நேரம் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். அங்கிருந்து சில நிமிஷ நடையில் சாம்பல் நிறமான ஒரு பெரிய கட்டிடம் இருக்கிறது. அதை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் சிலரே. பார்த்தாலும், "இதென்ன, சுவரே வைக்காமல் ஜன்னலாகவே கட்டிவிட்டார்கள்!" என்று சொல்லிக்கொண்டு நடந்து விடுவார்கள். ஆனால் கட்டிடக் கலை பயிலும் மாணவர்களோ அதற்காகவே எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருகிறார்கள். நானும் அப்படிப் போனவர்களில் ஒருவன்.

கட்டிடத்தின் பெயர் 'கோல்கோண்ட்'. நமது கோல்கொண்டாவைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் அப்படி உச்சரிப்பார்கள். ஹைதராபாத் திவானாக இருந்த ஸர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசாங்கத்திலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு ஆரம்பமான வேலையாதலால், வைரச் சுரங்கங்களுக்குப் பேர்போன அந்த ஊரின் பெயரையே சூட்டினார்கள். ஆசிரமவாசிகள் தங்குவதற்கான விடுதி அது. முன் அனுமதியின்றி உள்ளே போக முடியாது. போனாலும் உரக்கப் பேசக் கூடாது. இந்த நிபந்தனையைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய அநுகூலமாகவே தோன்றியது. நாலு பேர் கூடி ஆரவாரம் செய்தால் அங்கே காற்று நடமாடும் சப்தம் காதில் விழாது.

கோல்கோண்டின் பிரதான விசேஷமே காற்றுத்தான். நமது ஊர் வெயிலைவிடப் புழுக்கம் பொல்லாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட பக்கங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் நோக்கும்படியும், குறுகிய பக்கங்கள் மாத்திரமே காலை வெயிலையும் மாலை வெயிலையும் ஏற்கும்படியும் கட்டிடத்தை அமைத்திருக்கிறார்கள். அந்த நீண்ட பக்கங்களில் சுவர் என்பதே கிடையாது. தரையிலிருந்து கூரை வரையில் கிடையாக அடுக்கிய கல்நார்ச் சிமெண்டுப் பலகைகள். கையால் திருப்பினால் திறக்கும், மூடும். வெயிலும் மழையும் வெளியே நிற்க, காற்று மாத்திரம் உள்ளே வரும். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் இடையில் தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவுகள். கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார், காற்றுக்கோ தடையில்லை. காலுக்குக் கீழே குளிர்ச்சியான கறுப்புக் கடப்பைக் கல். தலைக்கு மேலே வளைந்த சிமெண்டு ஓடுகளுக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி. வெயிலின் உக்கிரம் அந்த இடைவெளியிலேயே தணிந்து விடுகிறது. இருபுறமும் தோட்டம். தோட்டமும் வீடும் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடிப்பதே கடினம்.

இதைத் திட்டமிட்டவர் ஆண்டனின் ரேமண்ட். பொஹீமியாவிலே பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், பிராங்க் லாயிட் ரைட் என்னும் பிரபல நிபுணருக்கு உதவியாக, டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டுவதற்காக 1919-ஆம் வருஷக் கடைசியில் ஜப்பானுக்குச் சென்றவர். அந்த நாட்டை விட்டு வர மனமின்றி அவர் அங்கே மொத்தம் ஏறக்குறைய பதினெட்டு வருஷம் தங்கிவிட்டார். ஜப்பானியரின் மர வீடும், பாய் விரித்த தரையும், காகிதம் ஒட்டிய தள்ளுகதவும் அவருக்குக் குருவாயின. புதுச்சேரித் தள்ளுகதவுகள் எந்தப் பள்ளியில் படித்தவை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

அவருடைய காரியாலயத்திலிருந்து 1937-இல் வேலையை மேற்பார்வையிட வந்தவர் ஜார்ஜ் நகஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த வாலிபர். வந்த இடத்தில் அவர் மனம் ஆசிரம வாழ்வில் தோய்ந்து விட்டது. 'எனக்குச் சம்பளம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்கு 'சுந்தரானந்தர்' என்று பெயரிட்டார். அறைகளுக்கு வேண்டிய தேக்கு மரச் சாமான்களையும் அவரே வகுத்துக் கொடுத்தார். கதவுப் பிடிகளும் கீல்களும் பக்தர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தவை. ஆணிகளுக்குக் கூட ஆசிரமத்தில் கணக்கு உண்டாம்! ஆறு மாதத்தில் முடியுமென்று ரேமண்ட் எண்ணிய வேலை வருஷக் கணக்கில் நீண்டது. அதற்காக அவர் வருத்தப்படவில்லை. காலக்கெடு, செலவு, ஒப்பந்தம் என்னும் மூன்று விலங்குகளும் இல்லாமல் வேலை செய்ய வாய்த்த இடம் என்று பிற்காலத்தில் புகழ்ந்தே எழுதினார்.

இவ்வளவும் எங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதுதான். இதற்குப் பிறகு நடந்ததை அங்கே யாரும் சொல்லவில்லை.

ரேமண்ட் 1938-இல் புதுச்சேரியில் பல மாதங்கள் தங்கிவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பினார். யுத்தம் மூண்டது. 1943-இல் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு விசித்திரமான கட்டிடத் தேவை ஏற்பட்டது. ஜப்பானிய நகரங்களின் மீது போடுவதற்காகச் செய்த தீக்குண்டுகளைச் சோதித்துப் பார்க்க, அசல் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகள் வேண்டும். அவற்றை யார் வகுத்துத் தர முடியும்? ரேமண்டை அழைத்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். ஜப்பானிய மரத்துக்கு ஒப்பான மரம், தரைப் பாய், தள்ளுகதவு, உள்ளே இருக்கும் தட்டுமுட்டுச் சாமான் வரையில் அத்தனையும் சரியாக அமைந்த குடியிருப்புகள் யூட்டா மாகாணத்தில் டக்வே என்னும் பாலைவனத்தில் எழுந்தன. கொளுத்தினார்கள், திரும்பக் கட்டினார்கள், மறுபடியும் கொளுத்தினார்கள். அருகிலேயே ஒரு ஜெர்மானியக் கிராமமும் எரிந்தது. அதற்கு யோசனை சொன்னவர் எரிக் மெண்டல்ஸோன், ஜெர்மனியை விட்டுத் தப்பி வந்த யூதச் சிற்பி. 1945 மார்ச்சு 9-ஆம் தேதி இரவு டோக்கியோவின் மேல் அந்தக் குண்டுகள் மழையாகப் பொழிந்தன. விடிவதற்குள் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள்.

ரேமண்ட் கெட்ட மனிதரல்ல. இந்த விஷயத்தை இவ்வளவு சங்கடமாக்குவதே அதுதான். ஜப்பானிய வம்சத்தார் என்ற ஒரே காரணத்துக்காக நகஷிமாவையும், அவர் மனைவியையும், கைக்குழந்தையையும் அமெரிக்க அரசாங்கம் 1942-இல் ஐடஹோவிலுள்ள மினிடோகா முகாமில் அடைத்து வைத்தது. மறு வருஷம் அவர்களுக்காகப் பொறுப்பேற்று, விடுவித்து, பென்ஸில்வேனியாவில் நியூஹோப் என்னும் ஊரில் தமது பண்ணையில் இடம் கொடுத்தவர் இதே ரேமண்ட்தான். ஒரு கையால் ஜப்பானியக் குடும்பத்தைக் காப்பாற்றிய அந்த வருஷத்தில், மறு கையால் ஜப்பானிய வீட்டை எரிப்பதற்குப் படம் வரைந்தார்.

யுத்தத்தைச் சீக்கிரம் முடிக்க வேறு வழி தோன்றவில்லை என்று அவர் தமது சுய சரிதத்தில் சமாதானம் சொல்லியிருக்கிறார்; தமக்கும் தம் மனைவிக்கும் அது எளிதாக இருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். என் சிநேகிதர்களில் சிலர் இந்தச் சமாதானத்தை ஏற்கிறார்கள். அந்த யுத்தத்தில் எதிரி சாமானியமானவனல்ல என்பது உண்மையே. எனினும் என் மனம் ஒப்பவில்லை. துப்பாக்கி பிடிக்கச் சொல்லி அவரை அழைத்திருந்தால் அது வேறு விஷயம். அவரை அழைத்த காரணம், அந்த வீடுகளை அவர் நேசித்துக் கற்றிருந்தார் என்பதே. பதினெட்டு வருஷம் அந்த ஜனங்கள் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து விட்டுக் கற்பித்த வித்தை. காற்று எந்த வழியாக நுழையும் என்று அறிந்தவனுக்கு நெருப்பு எந்த வழியாக நுழையும் என்பதும் தெரியும். அந்த இரண்டாவது அறிவை விற்கும் உரிமை அவருக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நமது தேசத்தில் கட்டிடக் கலைஞர்களுக்கென்று 1989-ஆம் வருஷத்திய தொழில் நடத்தை விதிகள் இருக்கின்றன. சுற்றுப்புறத்தின் தரத்துக்கும் சமூகத்தின் வருங்கால நலனுக்கும் பங்கம் வராமல் தொழில் செய்ய வேண்டும் என்று ஒரு விதி சொல்கிறது. மற்றவற்றில் கட்டணமும், விளம்பரமும், சக தொழிலாளியின் வேலையைத் தட்டிப் பறிக்கலாகாது என்பதுமாக உலக விவகாரங்கள் நிறைய உண்டு.

டக்வேயைப் போன்ற வேலைக்கு எங்களை யாரும் அழைக்கப் போவதில்லை. எங்களுக்கு வரும் அழைப்பு இன்னும் சாதுவான உருவத்தில் வரும். சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாகப் போய்ப் பாருங்கள். மழை வெள்ளத்தை வாங்கிக் கொள்வதற்காக இயற்கை வைத்திருந்த தொட்டி அது. பெரும்பகுதி மேடாகி மாடிகளாகி விட்டது. மிஞ்சியதற்கு 2022-இல் சர்வதேச ராம்ஸார் பட்டியலில் இடம் கிடைத்தது. அந்த மாடிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம் உண்டு. வரைபடத்தின் கீழே தேர்ச்சி பெற்ற ஒருவருடைய கையெழுத்து உண்டு. தண்ணீர் எங்கே போகும் என்று கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கு வாங்கியவர்கள்தான் அவர்கள்.

நகஷிமா அப்புறம் பெரிய கட்டிடங்களை அதிகம் நாடவில்லை. மினிடோகா முகாமில் முதிய ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் உளி பிடிக்கக் கற்றிருந்தார். நியூஹோப்பிலேயே பட்டறை வைத்து மேஜை நாற்காலிகள் செய்யலானார். மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கடைசி மெருகு வரையில் எல்லாம் தம் கண் முன்னால் நடக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1964-இல் ஆமதாபாத்துத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்து அங்கேயும் மரச் சாமான்கள் வகுத்துக் கொடுத்தார். 1990-இல் காலமாகும் வரையில் அந்தப் பட்டறைதான் அவருடைய ஊர்.